ஏழாவது கட்டம்

கைபேசிப் படிவத்தில் ஏழாவது கட்டம்:
நீர்நிலையின் பெயர்.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம்.

நன்னிலம் உபகோட்டத்தில் என் பங்குக்கு
நூற்றுப் பதினெட்டு நீர்நிலை,
ஒரு லஸ்கர், இரண்டு வாரம்.
அமிர்தகடேசன் வண்டி ஓட்ட
பின்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே போனேன்.

ஆறுகளில் சிரமமில்லை.
முடிகொண்டான். வீரசோழன். திருமலைராஜன்.
ராஜாக்கள் தண்ணீரில் போட்ட கையெழுத்து
எப்படியோ கலையாமல் இருக்கிறது.
குடமுருட்டியை மட்டும்
குடும்பம் என்று திருத்தியது செயலி.
திரும்ப அடித்தேன். திரும்பவும் குடும்பம்.

வெட்டாறு என்று அடிக்கையில் விரல் நின்றது.
வெட்டியது இருக்கிறது பெயரில்,
வெட்டியவர்கள் இல்லை.
நூறு கையோ ஆயிரம் கையோ
ஒரு வினைச்சொல்லாகச் சுருங்கி
கடலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள் தகராறு.
வரப்பில் நின்றவர் சொன்னார், "இது வடிகால்."
மதகுக்குக் கீழே நானூறு அடி தள்ளி
சைக்கிளைக் குறுக்கே போட்டார் இன்னொருவர்.
"வாய்க்கால்மா. வடிகால்னு எழுதிப்புடாதீங்க,
எங்க நாத்து இதுலதான் நிக்குது."
ஒரே தண்ணீர்.
அவர் வயல் வேண்டாமென்று தள்ளியது
இவர் வயலுக்கு வேண்டியிருக்கிறது.
கட்டம் ஒரு பெயரைத்தான் வாங்கும்.
"சாயங்காலம் போட்டுக்கலாம் மேடம்" என்றார் அமிர்தகடேசன்,
பீடியை மதகில் தேய்த்து அணைத்தபடி.
சாயங்காலம் போடவில்லை.

பிறகு அந்தக் குளம்.
பழைய பதிவேட்டில், ஊதா மையில்,
அதற்கு ஒரு சாதியின் பெயர்.
யாரோ அதன்மேல் வெள்ளை பூசி
காலனிக் குளம் என்று எழுதியிருந்தார்கள்.
வெள்ளைக்கு அடியில் ஊதா தெரிகிறது.

மாரிக்கண்ணு இடுப்பளவு நீரில் குனிந்து
கெண்டை தடவிக்கொண்டிருந்தார்.
"இத நீங்க எப்படிச் சொல்வீங்க?"
"கொளம்."
"பேரு?"
"கொளம்னுதான்.
வேற கொளத்துல எங்கள எறங்க விட்டிருந்தா
இதுக்குன்னு ஒரு பேரு வேண்டியிருக்கும்."
சேற்றோடு கையை வெளியே எடுத்தார்.
மீன் இல்லை. சிரித்தார்.

குளம் என்று அடித்தேன்.
செயலி மறுத்தது:
குறைந்தது ஐந்து எழுத்து வேண்டுமாம்.

கடல் என் கணக்கில் இல்லை.
இருந்தாலும் ஞாயிறன்று நாகூரில் நின்று பார்த்தேன்.
வரைபடம் வங்காள விரிகுடா என்கிறது.
கண்ணுக்கெட்டிய வரை வங்காளம் இல்லை,
இரண்டு படகும் ஒரு நாயும்தான்.
அக்கரைப்பேட்டை வைரவேல் என்னோடு படித்தவன்.
போனில் கேட்டேன்.
"ஏழு பாகம், பதினஞ்சு பாகம், சேறு, பாரு.
எங்கப்பா வலை போன எடத்துக்கு
வலைதின்னின்னு நாங்களா வச்சது.
நேவிக்காரன் கேட்டா மட்டும்
முழுப்பேரு சொல்லுவோம்."

கடைசி நாள்.
மேட்டூர் திறந்து பதினாறு நாளாகியிருந்தது.
வெடித்த வாய்க்காலில் ஆடுகள் நடந்துகொண்டிருந்தன.
மேற்கே யாரோ கத்தினார்கள்:
"வந்துருச்சு!"
அடுத்த வயலில் ஒருவர், "வந்துருச்சா?"
அதற்கும் கிழக்கே, "வந்துருச்சு, வந்துருச்சு!"
எது என்று எவரும் கேட்கவில்லை.
தோன்றா எழுவாய்,
எட்டாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்.
எல்லாரும் அறிந்ததைச்
சொல்லாமல் விடுவது எங்கள் இலக்கணம்.

முதலில் நுரை வந்தது,
பின்னால் சருகு, ஒற்றைச் செருப்பு,
தானே உருண்டுவரும் ஒரு தேங்காய்.
ஆடுகள் கரையேறின.
அமிர்தகடேசன் அலுவலக ஷூவோடு இறங்கிவிட்டார்.
நான் கைபேசியை உயரத் தூக்கிப் பிடித்தேன்,
சிக்னலுக்காக என்று அவர் நினைத்திருக்கலாம்.

இரவு, மீதியை அனுப்பினேன்.
குளம் குளம் என்று இரண்டு முறை அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.
சென்னையில் ஏதோ ஒரு திரையில்
அந்தப் பெயரில் இப்போது
ஒரு நீலப் புள்ளி இருக்கும்.

வடிகால் மட்டும்,
அல்லது வாய்க்கால் மட்டும்,
இன்னும் வரைவில் கிடக்கிறது.